ஆட்சேபணை ஏதும் இல்லை

உயிரோடு இருந்த ஒரு பெண்மணியை ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் கொன்றேன். ஆயுதம், எட்டுக்கு ஆறடி பிளக்ஸ்.

காரைக்குடியில் பிளக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, தலைவர் வருகை, கண்ணீர் அஞ்சலி. முதல் மூன்றுக்கும் ஆட்கள் முன்கூட்டியே வந்து சொல்லிவிடுவார்கள். கடைசி வகையினருக்கு அந்த வசதி இல்லை. எப்போதும் அவசரமாகத்தான் வரும். அதற்காகவே கணினியில் ஒரு மாதிரி தயாராக வைத்திருப்பேன். கிறிஸ்தவர்களுக்குத் தனி மாதிரி: நீள்வட்டச் சட்டத்துக்குள் படம், இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, மேலே இரண்டு வெள்ளைப் புறா. பெயரையும் படத்தையும் மாற்றினால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாச்சியாபுரத்து வாத்தியார் ஒருவருக்கு அப்படி ஒன்று அடித்துக் கொடுத்தேன். அது முடிந்த கையோடு சபை வேலையை எடுத்தேன்.

எங்கள் சபையில் ஆண்டுக்கு ஒரு ஞாயிறு, பெண்கள் ஞாயிறு. அன்றைக்கு ஆராதனையைப் பெண்களே நடத்துவார்கள். ஆண்கள் நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பெருந்தன்மையோடு அனுமதித்துக்கொண்டிருப்போம். இந்த ஆண்டுத் தலைப்பு, பெண்களுக்குப் பைபிள் சொல்கிற வசனத்திலிருந்து, ‘சாந்தமும் அமைதலுமுள்ள ஆவி’. அந்தத் தலைப்புக்கு ஏற்ற பெண்மணி என்று அக்கம்மாள் டீச்சருக்கு ஒரு கேடயம் கொடுப்பதாகக் கமிட்டியில் முடிவாகியிருந்தது. யோசனை சொன்னவன் நான். சபைச் செயலாளரும் நான்தான். வேறு யாரும் அந்தப் பதவிக்கு நிற்காததால் போட்டியின்றி ஐந்து முறை தேர்ந்தெடுக்கப்பட்டவன்.

கணினியில் வாத்தியாரின் கோப்பையே திறந்து, வாத்தியாரை எடுத்துவிட்டு டீச்சரின் படத்தை வைத்தேன். பெரிய எழுத்துகள் எல்லாவற்றையும் மாற்றினேன். மெழுகுவர்த்தி பெண்கள் ஞாயிறுக்கும் பொருந்தும் என்று விட்டுவைத்தேன். புறாவுக்கும் ஒரு குறையும் இல்லை. கீழே ஒரு வரி இருந்தது: ‘அன்னாரின் பிரிவால் வாடும் சபையார்.’ பதினாறு வருடமாகத் தினம் பார்த்துப் பார்த்து, அந்த வரி என் கண்ணில் படுவதே நின்றுபோயிருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் நானே ஏணி போட்டு ஆலய வாசலில் அதைக் கட்டினேன். கட்டிவிட்டு எதிரே டீக்கடையில் போய் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் நின்று பார்த்தார். பிறகு இரண்டு பேர். பிறகு ஐந்தாறு பேர். என் வேலையை ஆட்கள் நின்று பார்ப்பது அரிது. பெரும்பாலும் அதன் நிழலில் வண்டியை நிறுத்துவார்கள், அவ்வளவுதான். ஒரு பெண் கன்னத்தில் கைவைத்து அப்படியே நின்றாள். வண்ணம் நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று பெருமையோடு இன்னொரு டீ சொன்னேன்.

பக்கத்துப் பூக்கடைச் சேவுகன் கையில் ஒரு மாலையோடு சாலையைக் கடந்தபோதுதான் நான் டீயைக் கீழே வைத்துவிட்டு பிளக்ஸின் கடைசி வரியை வாசித்தேன்.

அக்கம்மாள் டீச்சரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்து நான்கு வயது. கணவர் இறந்து இருபது வருடம் ஆகிறது. ஆலயத்தை ஒட்டிய நீளமான ஓட்டுக்கூரை அறையில் பால்வாடி நடத்துகிறார். இருபத்திரண்டு பிள்ளைகள். எல்லாம் கொத்து வேலைக்கும் கடை வேலைக்கும் போகிற பெண்களின் பிள்ளைகள். அதில் எங்கள் சபைப் பிள்ளைகள் மூன்றுதான். காலை ஏழரைக்குத் திறந்தால் சாயங்காலம் கடைசித் தாய் வருகிறவரை டீச்சர் அங்கேயே இருப்பார். சத்தம் போட்டு அவர் பேசி ஒருவரும் கேட்டதில்லை.

அந்த அறையைத்தான் சபை எடுத்துக்கொள்வதாக இருந்தது. கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த பெரிய வீடுகளே கல்யாணத்துக்கு வாடகைக்குப் போகிற காலத்தில், எங்கள் சபை மண்டபத்துக்குச் சாப்பாட்டுக்கூடம் இல்லை என்பது பெரிய குறையாகப் பேசப்பட்டது. அறையை இடித்து ஏ.சி. போட்ட கூடம் கட்டத் தீர்மானம். ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. பால்வாடிப் பொறுப்பாளரின் சம்மதம் இல்லாமல் அந்த அறையை வேறு காரியத்துக்கு எடுக்கக் கூடாது என்று சபை விதியில் பழைய காலத்து வரி ஒன்று உண்டு. போன மாதம் ஆராதனை முடிந்து கூடிய கூட்டத்தில் போதகர் ஐயா தீர்மானத்தை வாசித்து, “யாருக்காவது ஆட்சேபணை உண்டா?” என்று கேட்டார். டீச்சர் கடைசி பெஞ்சில் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ‘பொறுப்பாளர் முன்னிலையில் முடிவு எடுக்கப்பட்டது. ஆட்சேபணை ஏதும் இல்லை’ என்று என் கையாலேயே எழுதினேன். வருகிற ஒன்றாம் தேதி அறை கைமாற வேண்டும். வாங்குகிறவர்கள் வெறுங்கையோடு வாங்கக் கூடாதே என்றுதான் கேடயம் யோசித்தேன்.

நான் சாலையைக் கடந்து போவதற்குள் மாலை பிளக்ஸில் ஏறிவிட்டது.

“நல்ல மனுசி,” என்றான் சேவுகன். “எங்கிட்ட ஒரு நாள்கூடப் பூ வெல பேசுனதில்ல.”

“டீச்சர்தான் பூவே வைக்க மாட்டாகளே,” என்றாள் பல்கீஸ். ஜவுளிக் கடையில் வேலை பார்ப்பவள். அவள் மகள் சப்ரின் பால்வாடியில்தான் இருக்கிறாள்.

“அதான் பேசுனதில்லங்கிறேன்.”

சோணையம்மாள் தன் மகன் ஆகாஷை மடியில் வைத்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். சித்தாள் வேலைக்குப் போகிறவள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. படமும் மெழுகுவர்த்தியும் மாலையும் அவளுக்குப் போதுமாக இருந்தன.

“நேத்துச் சாயங்காலம்கூட இவனுக்கு மூக்கத் தொடச்சு விட்டாக,” என்றாள். “ஒரு சொல் அதிந்து பேசமாட்டாக.”

“அதான் போறதயும் சொல்லாமப் போயிட்டாக,” என்றாள் பல்கீஸ்.

“ஒண்ணாந் தேதிக்கு அப்புறம் பிள்ளைய எங்குட்டு விடுறதுன்னு இன்னைக்குக் கேக்கணும்னு வந்தேன். இந்தக் கட்டடம் போயிருமாம்ல. போன வருசம் வேல நடக்குற எடத்துல இவன மணல் மேல படுக்கப் போட்டேன். லாரி பின்னாலயே வந்துருச்சு. கிளீனரு பாத்துக் கத்துனான்.” சோணையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இப்ப யாருகிட்டப் போயி கேக்குறது.”

தப்பு நடந்துவிட்டது, டீச்சர் நன்றாக இருக்கிறார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அதைச் சொல்வதற்கு என்னைவிடத் தகுதியானவர் வந்துவிட்டார். ஏழேகாலுக்கு, தினமும் வருவது போல, கையில் பால் தூக்கோடும் சாவிக்கொத்தோடும் டீச்சர் தெருமுனையில் திரும்பினார்.

சேவுகன் இரண்டடி பின்னால் போனான். சோணையம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தாள்.

“உசுரோடயா இருக்கீக?” என்றாள். குரலில் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் கூடுதல்.

“இருக்கேன். ஆகாஷு கஞ்சி குடிச்சானா?” என்றார் டீச்சர்.

பிறகு நிமிர்ந்து பிளக்ஸை வாசித்தார். மேலிருந்து கீழ்வரை, கடைசி வரியையும் விடாமல் வாசித்தார். மாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“போட்டோ தெளிவா வந்திருக்குண்ணே,” என்றார்.

“டீச்சர், இவுக மேல கேஸ் போடணும்,” என்றாள் பல்கீஸ். “நான் சாட்சி சொல்றேன்.”

“பால் திரிஞ்சிரும், உள்ள வாங்க. அந்த மாலைய வீணாக்காம இங்குட்டுக் குடுங்க. பிள்ளைக பூவப் பிச்சு வெளையாடட்டும்.”

பிளக்ஸை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். “டீச்சர், மன்னிச்சிருங்க. கோவமா?”

“பரவால்லண்ணே.”

“பரவால்லன்னா, கோவம் இல்லையா?”

“பிள்ளைகளுக்குப் பால் ஆத்தணும்ணே,” என்று சொல்லி அடுப்பைப் பற்றவைத்தார்.

எனக்கு நேரான பதில் கிடைக்காத முதல் இடம் அது. அன்று முழுவதும் அப்படியே போகப் போகிறது என்று அப்போது தெரியாது.

வீட்டுக்குப் போனால், செய்தி எனக்கு முன்பே போயிருந்தது. என் மனைவி சுபா அடுப்படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றியும் ஒரு வரி சொல்ல வேண்டும். அவள் பேசினால் கழனிவாசல் வரை கேட்கும். ஜெபித்தால் தேவகோட்டை வரை கேட்கும்.

“அடுத்து யாரு? எனக்கும் நல்ல போட்டோவா ஒண்ணு எடுத்து வச்சிருங்க,” என்றாள்.

“சுபா, வெளையாடாத. சோணையம்மா சொன்னத நெனச்சா ஒரு மாதிரி இருக்கு. ஒண்ணு கேக்குறேன். டீச்சர் அந்த அறையக் குடுக்கச் சம்மதிச்சாகளா, இல்லையா?”

“எங்கிட்டக் கேக்குறீக? எழுதுனது நீங்க.”

“அவுக மறுக்கலையே.”

“அவுக எப்ப எதத்தான் மறுத்தாக? அவுகள மாதிரி இருன்னு எங்கிட்ட எத்தன தரம் சொல்லியிருப்பீக. நானும் ஒரு நாள் இருந்து பாத்தேன். ஒரு காலம்பர பூரா வாயத் தொறக்கல. காச்சலான்னு கேட்டு நீங்க மாத்திர வாங்கிட்டு வந்தீக.”

அது உண்மை. இரண்டு வேளை மாத்திரை.

“பேசாம இருக்கறதுதான் சாந்தம்னா, கரண்டு போனா நம்ம கிரைண்டருகூட சாந்தம்தான்,” என்றாள் சுபா. “உங்களுக்கெல்லாம் அவுக பேசாம இருக்கறது புடிச்சிருக்கு. அவுகளப் புடிச்சிருக்கான்னு எனக்குத் தெரியல.”

“அப்ப அவுக சம்மதிக்கலங்கிறியா?”

“நான் என்னத்தக் கண்டேன். ஆலயத்துக்குப் போயி ஆகவேண்டியதப் பாருங்க,” என்று மிக்சியைப் போட்டுவிட்டாள். மிக்சி ஓடும்போது கேள்வி கேட்பதில்லை என்பது எங்கள் வீட்டில் முப்பது வருடப் பழக்கம்.

போதகர் வீட்டுக்குப் போனேன். அவர் நல்லவர். எளிமையானவர். ஆனால் வீட்டுக்குள் பேசும்போதும் எதிரே நூறு பேர் உட்கார்ந்திருப்பது போலத்தான் பேசுவார். காலையில் நடந்ததைச் சொல்லிவிட்டு, “ஐயா, அந்த அறை விஷயமா டீச்சர்கிட்ட நாம கேட்டோமா?” என்றேன்.

“சகோதரி மறுப்புத் தெரிவிக்கவில்லையே, தானியேல்.”

“இல்லங்கய்யா. அவுகளத் தனியாக் கூப்பிட்டு, சம்மதமான்னு யாராவது கேட்டோமா?”

“பொதுவாகக் கேட்டோம். சபை ஒருமனப்பட்டது. நீர்தானே எழுதினீர்?”

“எழுதுனேன்.”

“பிறகென்ன? சாந்தமானவர்களிடம் போய் இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்டு அவர்களைச் சங்கடத்துக்கு உள்ளாக்கக் கூடாது. நாம் ஜெபிப்போம்.”

கண்ணை மூடிவிட்டார். ஜெபம் நீளமாக இருந்தது. அதில் என் கடையும் கட்டடமும் தேசத்தின் தலைவர்களும் வந்தார்கள். பால்வாடி வந்ததா என்று கவனித்தேன். ‘சிறு பிள்ளைகள்’ என்று ஒருமுறை பொதுவாக வந்தது.

கடைக்குப் போய்ப் புதிதாக ஒரு பிளக்ஸ் அடித்தேன். இந்த முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக, விரல் வைத்து வாசித்தேன். மெழுகுவர்த்தி இல்லை. புறாவுக்கும் அன்றைக்கு விடுமுறை கொடுத்தேன். மதியம் ஒன்றரை மணிக்கு அதை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போனபோது, பால்வாடி வாசலில் கட்டட ஒப்பந்தக்காரர் வீரபாண்டியன் நின்றுகொண்டிருந்தார். ஆறடி உயரம், அதற்கேற்ற குரல். அவர் கழனிவாசலில் ஆளை ஏசினால் ரயில்வே ஸ்டேஷனில் இருக்கிறவன் வேலையைத் தொடங்குவான். கையில் அளவு டேப் இருந்தது. இன்று வந்து அளந்துகொள்ளச் சொன்னதும் நான்தான். அதை மறந்தே போயிருந்தேன்.

டீச்சர் நிலைப்படியில் நின்றிருந்தார். ஒரு கை கதவு நிலையில் இருந்தது.

“பிள்ளைக தூங்குறாக. நாலு மணிக்கு வாங்க,” என்றார்.

“ரெண்டே நிமிசம் டீச்சர். அளந்துட்டுப் போயிர்றேன்.”

“நீங்க ரெண்டு நிமிசத்துல அளந்துருவீக. இதுகளத் தூங்க வைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு.”

“இஞ்சினியரு போன் மேல போன் போடுறாரு.”

“அவரையும் நாலு மணிக்கு வரச் சொல்லுங்க. டீ போட்டுத் தர்றேன்.”

வீரபாண்டியன் தன்னையறியாமல் தானும் குரலை இறக்கியிருந்தார். ஆறடி ஆள் கிசுகிசுப்பதை அன்றுதான் பார்த்தேன். ஒரு காலைப் படியில் வைத்தார். டீச்சர் நகரவில்லை. முறைக்கவும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்பது போல, ஒரு அவசரமும் இல்லாமல் நின்றார். உள்ளே சேலைத் தொட்டில் ஒன்று லேசாக ஆடிக்கொண்டிருந்தது. வீரபாண்டியன் வைத்த காலை எடுத்தார். செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது என்று செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வேப்பமரம் வரை வெறுங்காலோடு வந்தார். மதிய வெயில்.

“அண்ணே,” என்றார் என்னிடம், காலை மாற்றி மாற்றி வைத்தபடி. “இவுகளயா சாந்தமானவுகன்னு பிளக்ஸ் போட்டீக?”

“ஆமா.”

“கரெக்டாத்தான் போட்டிருக்கீக போல. சண்ட போட்டிருந்தா நானும் போட்டுட்டு உள்ள போயிருப்பேன்.” செருப்பை மாட்டிக்கொண்டார். “சரி, அவுகளுக்கு இதுல சம்மதம்தானே?”

“சம்மதம்னு எழுதியிருக்கு.”

“யாரு எழுதுனது?”

“நான்.”

“யாரு சொன்னது?”

நாள் முழுவதும் மற்றவர்கள் எனக்குச் செய்ததையே நான் வீரபாண்டியனுக்குச் செய்தேன். புதுப் பிளக்ஸை எங்கே கட்டலாம் என்று அவரிடம் யோசனை கேட்டேன்.

“அண்ணே, நேராக் கேட்டு எனக்கு ஒரு வார்த்த சொல்லுங்க,” என்றார் அவர். “பிள்ளைக தூங்குற எடத்த அவுக மனசில்லாம இடிச்சேன்னு தெரிஞ்சா, எங்க வீட்ல எனக்குச் சோறு கெடைக்காது.”

நாலு மணிக்கு அவர் வரவில்லை.

நான் ஐந்தரைக்குப் போனேன். தாய்மார்கள் ஒவ்வொருவராக வந்து பிள்ளைகளை வாங்கிப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவன் ஆகாஷ் மட்டும். சோணையம்மாளுக்குக் கான்கிரீட் போடுகிற வேலை, நேரமாகும். பையன் தரையில் சிதறிக்கிடந்த மாலைப் பூக்களை ஒரு டம்ளருக்குள் திணித்துக்கொண்டிருந்தான். டீச்சர் தொட்டில் சேலைகளை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் உட்காரும் பெஞ்சைத் தவிர அங்கே வேறு இருக்கை இல்லை. அதில் உட்கார்ந்தேன். முழங்கால் நெஞ்சைத் தொட்டது. இந்த நிலையில் ஒருவன் எந்தப் பதவியில் இருந்தாலும் மரியாதையாகத் தெரிய மாட்டான். அதை வைத்து ஒரு வேடிக்கை சொன்னேன். டீச்சர் சிரித்தார். இன்னொன்று சொன்னேன். அதற்கும் சிரித்துவிட்டு, நான் முடிக்கட்டும் என்று காத்திருந்தார். அவர் காத்திருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இதற்கு முன்பும் பலமுறை அவர் இப்படிக் காத்திருந்திருக்கிறார் என்றும் தோன்றியது.

“டீச்சர்,” என்றேன். “அன்னைக்குக் கூட்டத்துல நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?”

“ஆகாஷு என் தோள்ல தூங்கிக்கிட்டு இருந்தான்ணே. அன்னைக்கும் சோணைக்கு வேல. இவனுக்குக் காது வலி. முந்தின நாள் ராவெல்லாம் அழுதிருக்கான். அப்பத்தான் கண்ணசந்தான். கடைசி பெஞ்சுலருந்து பேசுறதுன்னா சத்தமாப் பேசணும். முழிச்சிருவான். சரி, இவனக் கீழ படுக்க வச்சிட்டு முன்னாடி வந்து சொல்லுவோம்னு மெதுவா எந்திரிச்சேன். அதுக்குள்ள ஜெபம் பண்ணி முடிச்சிட்டீக.”

முடிவு ஜெபம் செய்தவனும் நான்தான். சீக்கிரம் முடித்ததற்காகப் பலர் கைகொடுத்தார்கள்.

“அப்புறமாவது சொல்லியிருக்கலாமே.”

“ஐயாகிட்டப் போனேன். எதோ கஷ்டத்துல வந்திருக்கேன்னு மொகத்தப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டாக. நான் வாயத் தொறக்குமுன்ன எனக்காக ஜெபம் பண்ணி அனுப்பிச்சிட்டாக.”

“எங்கிட்ட வந்திருக்கலாம்.”

டீச்சர் மடித்த சேலையை அலமாரியில் வைத்தார். “வந்தேன்ணே. ரெண்டு தரம்.”

எனக்கு நினைவு வந்தது. முதல் முறை கடையில் கூட்டம். வாசலில் டீச்சரைப் பார்த்ததும், ‘டீச்சரும் தேர்தல்ல நிக்கிறீகளா, எத்தன அடில போடுவோம்’ என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். இரண்டாம் முறை கடையில் யாரும் இல்லை. நான் மட்டும்தான். எனக்கு ஒரு ஆள் போதும். ஏ.சி. கூடம் வந்ததும் முதல் பந்தியில் டீச்சருக்குத்தான் இலை, இரண்டு அப்பளம் என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினேன். நன்றாகச் சிரித்துவிட்டுப் போகிறாரே என்று அன்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

“சிரிச்சதுக்கு அப்புறம் அந்தப் பேச்ச எப்படி எடுக்குறதுன்னு எனக்குத் தெரியலண்ணே,” என்றார் டீச்சர். “உங்களக் கொறையாச் சொல்லல. எனக்கும் பயம்தான். இது எனக்குச் சொந்தமான எடமா, நான் யாரு வேணாங்கிறதுக்குன்னு ஒரு பயம். நீங்க சிரிக்க வச்சப்ப, சொல்லாமத் திரும்பிப் போறதுக்கு எனக்கும் அது லேசா இருந்துச்சு.”

“உங்களுக்கா பயம்? வீரபாண்டியன் செருப்பக் கழத்திக் கையில எடுத்துக்கிட்டுல்ல போனாரு.”

“அப்ப பிள்ளைக தூங்குச்சு. அது வேற.” அடுத்த தொட்டிலின் முடிச்சை அவிழ்த்தார். “அண்ணே, நாளைக்கு அந்தக் கேடயம் வேணாம். நான் பேசாம இருந்தது பூராம் சாந்தம்னு நெனச்சிட்டீக. அதுல பாதி பயம். அதுக்கெல்லாம் கேடயம் வாங்கக் கூடாது. நம்ம தலைப்பா வச்சிருக்கோமே அந்த வசனம், அதுலருந்து ரெண்டு வசனம் தள்ளிப் பாத்தீகன்னா, நல்லது செய்ங்க, எதுக்கும் பயப்படாதீகன்னு அதே பொம்பளைகளுக்குத்தான் சொல்லியிருக்கு. அத யாரும் தலைப்பா வைக்கல.”

கடையில் சீனி தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலத்தான் இதையும் சொன்னார். குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. எனக்கு ஒரு வேடிக்கை தொண்டை வரை வந்தது. அடுத்த வருடத்துக்கு அதையே தலைப்பாக வைக்கலாம், பிளக்ஸ் செலவு என்னுடையது என்கிற மாதிரி ஏதோ ஒன்று. விழுங்கினேன். அப்படி விழுங்கிப் பழக்கமில்லாததால் இருமல் வந்தது. டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

குடித்துவிட்டு எழுந்து நின்றேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வி இல்லை அது.

“டீச்சர், போன மாசமே கேட்டிருக்கணும். இப்பக் கேக்குறேன். நான் வேற ஒண்ணும் பேசல. இந்த அறையக் குடுக்க உங்களுக்குச் சம்மதமா, இல்லையா?”

ஆகாஷ் டம்ளரைக் கவிழ்த்தான். பூவெல்லாம் மறுபடி தரையில் கொட்டியது. டீச்சர் குனிந்து அவனை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“சம்மதமில்லண்ணே,” என்றார், எப்போதும் பேசுகிற அதே குரலில். “குடுக்க மாட்டேன். நாளைக்குச் சபையில எந்திரிச்சு நின்னும் இதத்தான் சொல்லப் போறேன்.”